கொண்டிச் சத்தம்

இசக்கிபாண்டியோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவன் சாதுவான ஆள். அவன் செய்த சத்தம்தான் சாது இல்லை.

2004. இருங்காட்டுக்கோட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறை. இரண்டு பேரும் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துக் கார் கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் வந்தவர்கள். அவனுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், எனக்கு பெயிண்ட் ஷாப். பெரிய பிரஸ் இறங்கும்போது காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்டுவிடும் என்பான். காலுக்குக் கேட்கிற அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும் என்பதுதான் அவனைப் பிடித்த பைத்தியம்.

ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் பேஸ் ஸ்பீக்கரும் வாங்கி வந்தான். தரை ஓதம் அடிக்கிறது என்று ஸ்பீக்கரை என் டிரங்குப் பெட்டி மேல் ஏற்றினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் முறைத்துப் பார்த்துவிட்டு, தினப்படி துணிகளைக் கொடிக்கு மாற்றிக்கொண்டேன். நல்ல சட்டை மட்டும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

லீவு நாளெல்லாம் ஒரே சத்தம்தான். பாட்டு கிடையாது, ராகம் கிடையாது, வெறும் ‘தும்’. மவுஸால் திரையில் ஒரு குமிழை மயிரிழை திருப்புவான், ‘தும்’. மேல் சத்தத்தைக் கொஞ்சம் வடிகட்டுவான், மறுபடி ‘தும்’. முந்தினதை விட நல்லாயிருக்கா என்று வேறு கேட்பான். எனக்கு எல்லாம் ஒன்றுதான். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பேன்.

சாலிகிராமத்தில் டான்ஸ் பாட்டுகளுக்குக் கம்ப்யூட்டரில் இசை கோக்கிற எழிலரசன், இவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: சொந்தமாகச் செய்த ஒரு பேஸ் சத்தம் கொண்டுவர வேண்டும். அந்த மாதத்தோடு இவனுக்குக் காண்ட்ராக்ட் முடிகிறது. சாலிகிராமம் இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். சிடியில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

எழிலரசன் இரண்டு தரம் கேட்டாராம். “இன்னா தம்பி, அடி கீது, உடம்பே இல்லியே. வெள்ளிக்கிழம வரிக்கும் பாக்குறேன்” என்றாராம்.

அறைக்கு வந்து போட்டான். இங்கே உடம்பும் இருந்தது, உயிரும் இருந்தது. சிடியைக் குறை சொன்னான், அவர் ஸ்பீக்கரைக் குறை சொன்னான். சோறு இறங்கவில்லை அவனுக்கு.

வியாழக்கிழமை எங்கள் லைன் சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணம். நல்ல சட்டை எடுக்க ஸ்பீக்கரைத் தரையில் இறக்கி வைத்தேன். ஏதோ நினைப்பில் அவன் கீயைத் தட்டினான். சத்தம் சப்பென்று வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பப் பெட்டி மேல் வைத்தேன், உடம்பு வந்துவிட்டது. பெட்டியின் கொண்டியை விரலால் அழுத்திப் பிடித்தேன், போய்விட்டது. லொடலொடத்த அந்தத் தகரக் கொண்டி ஒவ்வொரு ‘தும்’முக்கும் கூடவே அதிர்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை.

“ஆறு மாசமா நான் செஞ்சது பாதிதாம்ல. மீதிய உம் பெட்டி செஞ்சிருக்கு.”

பெட்டியையும் தூக்கிக்கொண்டு சாலிகிராமம் போகலாம் என்றேன். கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னேன். அவன் கேட்டதாகவே தெரியவில்லை. தரையில் போர்வையை மடித்துப் போட்டு ஸ்பீக்கரை அதன் மேல் வைத்தான். கொண்டியைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். அடிச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தத்தை ஏற்றி அதைக் கொஞ்சம் பிசிறடிக்க விட்டான். தொடக்கத்தில் சின்னதாக ஒரு இரைச்சல் சேர்த்தான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. போக மனசு வரவில்லை.

சாயங்காலம் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான். ‘தும்’ என்றது.

“பெட்டி மேல வச்சிருக்க” என்றேன்.

திரும்பிப் பார்த்தால் ஸ்பீக்கர் போர்வை மேல் இருந்தது.

மறுநாள் எழிலரசன் ஒரே தரம்தான் கேட்டாராம். திங்கட்கிழமையே இசக்கி சாலிகிராமத்துக்குக் குடிபோய்விட்டான். அறை அமைதியானது. இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன், கிடைத்ததும் பிடிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரகடத்துக்கு வேலை மாறினேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது டிரைவர் புதிதாக ஒரு டான்ஸ் பாட்டுப் போட்டார். சீட்டுக்கு அடியில் ‘தும்’ என்றது. முதலில் காலுக்குத்தான் கேட்டது. அதற்குள்ளே என் கொண்டி அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “இது எங்க வீட்டுப் பெட்டிச் சத்தம்ணே” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷன் வந்த பிறகும், பாட்டு முடிகிறவரை நான் இறங்கவில்லை.