கண்டாக்கையாவின் நான்கு மொழிகள்

“கெம்பஸ்ல என்ன படிக்கிற?” என்று, தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் றோலண்ட் கண்டாக்கு கேட்டது ஒரு டிசம்பர் காலையில், பெரட்டுக் களத்தில். தேயிலை மலைக்குப் போகுமுன் வேலையாட்கள் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும் இடம் அது. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த கேஷிகா, அம்மா ரத்னா மறந்துவிட்டுப் போன தேநீர்ப் போத்தலைக் கொடுக்க அங்கே வந்திருந்தாள்.

“ஆசிய மொழிகளும் பண்பாடும், ஐயா.”

“டாக்டர் இல்ல, இஞ்சினியர் இல்ல, ஆசியா! நாம நிக்கிறது என்ன ஆப்பிரிக்காவா? இந்தப் பொம்பளைங்களும் பொறந்ததுல இருந்து ஆசியாவுலதான் கொழுந்து எடுக்குறாங்க. இவங்களுக்கும் ஆளுக்கொரு பட்டம் குடுத்துருவமா?”

“குடுங்கய்யா, பட்டம் வாங்குனா கூடை தானா நெறையுமா?” என்றது வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ரத்னா மட்டும் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“என்னென்ன பாஷை?”

“சிங்களம், இந்தி, கொஞ்சம் ஜப்பான் மொழி.”

“இங்கிலீஷ் இல்லாத படிப்பும் ஒரு படிப்பா? சரி, சிங்களம் தெரியுங்கிற. இந்தா, இதை வாசி பாப்போம்.”

அவர் நீட்டிய போனில், தோட்டத்துக்குப் புதிதாக வந்த உதவி மேலாளர், சின்னத்துரை, அனுப்பிய சிங்களச் செய்தி. கேஷிகா வாசித்துத் தமிழிலும் சொன்னாள்: லொறி முந்தி வருகிறது, காலைக் கொழுந்தைப் பத்தரைக்கே நிறுக்க வேண்டும்.

“ம்… உச்சரிப்பு போதாது” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டவர், பெண்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்: “எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னைக்கு லொறி முந்தி வருது. பத்தரைக்கு நிறுவை!”

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் றோலண்டை அறியாதவர் கிடையாது. ஐம்பத்து நான்கு வயது. ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர்; எத்தனையாம் வகுப்பு வரை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முழங்கால் வரை காலுறை, எந்தத் துரையோ விட்டுப்போன தொப்பி, கக்கத்தில் பிரம்பு. வீட்டு நாயோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். நாய் திருப்பிப் பேசாததால் அந்த ஆங்கிலத்தில் யாரும் குறை கண்டதில்லை.

அந்த விடுமுறைக்கு கேஷிகாவுக்குப் பாடத்துக்காக எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படை ஒன்று இருந்தது. ஊரில் ஒருவரைத் தேர்ந்து, அவருடைய நாளில் எந்த மொழி எங்கே, யாரோடு, எதற்காக வருகிறது என்று எழுத வேண்டும். கூடப் படிப்பவர்கள் பிக்குமார்களையும் கடைக்காரர்களையும் பிடித்துக்கொண்டார்கள். அவள் றோலண்டைத் தேர்ந்தாள். அன்பினால் அல்ல. இவ்வளவு சிறிய மனிதரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்க்கும் ஆசை.

குவாட்டர்ஸ் வாசலில் நின்றபடியே பேட்டி கொடுத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நாலு பாஷை. எழுதிக்க. ஆபீசுக்கு இங்கிலீஷ், துரைக்குச் சிங்களம், மாதா கோயிலுக்கு லத்தீன், உங்களுக்குத் தமிழ்.”

“லத்தீன் பேசுவீங்களா, ஐயா?”

“லத்தீன்ல யாரு பேசுறது? முழங்கால்ல நிக்கிறதுதான்.”

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். இதைவிட நன்றாக அவளால் கிண்டல் செய்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு பரீட்சை தினமும் நடந்தது. “கெம்பஸ் எங்க? கூப்பிடு அவளை!” தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து அவள் வர வேண்டும், அத்தனை பேர் முன்னால் வாசிக்க வேண்டும், “போதாது” என்று கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அவளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பதில் வாய்க்குள் வந்து நின்றது. அம்மாவின் பெயர் அவர் கையிலிருக்கும் பெயர் பதியும் கொப்பியில் இருந்ததால் விழுங்கினாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் விடியவே பஸ்ஸேறி, நூல் ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கொட்டகலைக்குப் போனாள். பின்னேரம் திரும்பியபோது அம்மா ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு முறை வாந்தி. ஏழாம் நம்பர் மலைக்குப் போன பதினாறு பேருக்கும் அதே கதை. முதல் நாள் அங்கே வெளியாட்களை வைத்துப் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். எடுத்த கொழுந்து முழுவதையும் குழியில் கொட்டியாயிற்று.

“மருந்து வாடை வருதுய்யான்னு, எங்களைக் கூட்டிட்டுப் போற அழகுமுத்து கங்காணி சொன்னாரு. எனக்கே சொல்லித் தர்றியான்னு ஏசிட்டு, போனைப் பாத்து, ‘ஏழாம் நம்பர்தான், போங்க’ன்னுட்டாரு கண்டாக்கையா” என்றாள் ரத்னா.

சின்னத்துரை விசாரித்தபோது கண்டாக்கையா, மலையை மாற்றிக் கூட்டிப்போனது கங்காணிதான் என்று கைகாட்டினார். அழகுமுத்துவை அன்றே வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதில் தோற்றால் கங்காணி வேலை போய்விடும்.

மறுநாள் காலை வழக்கம்போல அழைப்பு வந்தது. கேஷிகா போனை வாங்கினாள். அன்றைய செய்தியை வாசித்து முடித்து, விரலால் மேலே தள்ளினாள். முந்தின நாள் செய்தி அங்கே இருந்தது: ஏழாம் நம்பர் மலையில் மருந்து அடித்திருக்கிறது, பத்து நாளைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பழைய துரைமார் இங்கிலீஷில் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். புதிய சின்னத்துரை போனில் சிங்களத்தில் அனுப்புகிறார். கண்டாக்கையாவுக்குச் சிங்களம் நாக்கில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. திங்கட்கிழமை வாசிக்க ஆளில்லை. ஏழு என்ற இலக்கம் மட்டும் அவருக்குத் தெரிந்தது. போனையே வாசிக்க வைக்க வழியிருக்கிறது. ஆனால் அந்த வழியை யாரிடமாவது கேட்க வேண்டுமே!

“நேத்து வந்ததையும் வாசிக்கவா, ஐயா?” என்றாள், வரிசையின் கடைசிக்கும் கேட்கும்படி.

றோலண்டின் கை போனுக்கு நீண்டு, பாதியில் நின்றது. “போதும், போதும். பாஸ்” என்றார். அவள் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக எந்தப் பரீட்சையும் பாஸாகவில்லை.

அன்று பின்னேரம் அவர் லயத்துக்கு வந்தார். தொப்பி இல்லை, பிரம்பு இல்லை. நாய் மட்டும் கூட வந்து, கோழிகளைப் பார்த்துத் தமிழ் நாய்களைப் போலவே குரைத்தது.

“அழகுமுத்து மாமா விசாரணைக்குப் போகக்கூடாது” என்றாள் கேஷிகா, அவர் வாய் திறக்குமுன். “நீங்க போய்ச் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவேன். சிங்களத்துலயே.”

“சொல்லிட்டேன். கண்ணாடி போடாமப் பாத்துட்டேன், தப்பு என்னுதுன்னு துரைக்கிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு அவன் வேலைக்கு வருவான்.”

அவர் கண்ணாடி போட்டு யாரும் பார்த்ததில்லை. தொப்பியையும் பிரம்பையும் போல, பொய்யிலும் அவருக்கு ஒரு சாமான் தேவைப்பட்டது. ஆனால் அழகுமுத்து மறுநாள் பெரட்டில் நின்றது உண்மை. ஒப்படையில் கேஷிகா நான்கு மொழிகளையும் எழுதினாள்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எது வாயில், எது கண்ணில், எது முழங்காலில் என்றும் எழுதினாள். நல்ல புள்ளி கிடைத்தது.

லயத்துக்கு வந்த அன்று அவர் உடனே போகவில்லை. நாயை இழுத்துப் பிடித்தபடி, இங்கிலீஷ் ஒரு சொல்கூடக் கலக்காமல் கேட்டார்:

“லீவு முடியிற வரைக்கும் காலையில வந்துரும்மா. நான் சோதிக்கிற மாதிரியே கேப்பேன், நீ வாசி. ஆனா கடைசியில உச்சரிப்பு போதாதுன்னு சொல்லுவேன். அதுக்குக் கோவிச்சுக்காத.”