எட்டுக் கிலோ ஊலோங்கும் என் மூக்கும்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, காலை 10.40. ஸ்கூடாய் நகரில் மூன்றாவது நாளாக விடாத மழை.

லிம் மேடத்தின் தேயிலைக் கடையில் அது எனக்கு இருபத்திரண்டாவது வருடம். வரும் சரக்கை மோந்து, சுவைத்து, சரி சொல்வதும், வாங்க வருபவர்களுக்குத் தேநீர் போட்டுக் காட்டுவதும் என் வேலை. 2021 ஆகஸ்டில் வந்த காய்ச்சலோடு என் மூக்கு செத்துவிட்டது. நாக்கில் இனிப்பு, கசப்பு தெரியும்; வாசனை மட்டும் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மோந்து சரி சொல்பவரின் அந்த நாற்காலி போய்விடும். எனக்கு அப்போது வயது 67. வேறு எங்கே உட்காருவது?

1. எண்களை வைத்து ஓட்டியது

உயர்மலை ஊலோங் என்பது உருண்டையாகச் சுருட்டிய தேயிலை. 120 மில்லி குடுவைக்கு 7 கிராம். தண்ணீர் 95 டிகிரி. முதல் தண்ணீரை ஐந்து விநாடியில் கொட்டிவிட வேண்டும். அது இலையை எழுப்ப மட்டும். அடுத்தது 50 விநாடி. பிறகு ஒவ்வொரு முறையும் பத்துப் பத்தாகக் கூட்ட வேண்டும். ஆறு தடவை தாங்கும்.

எண்ணிக்கை தவறாததால் தேநீர் தவறவில்லை. வாசனையைக் கேட்டால் பழைய ஞாபகத்திலிருந்து சொல்வேன்: “முதலில் பூ, பிறகு வெண்ணெய், கடைசியில் கரும்புச்சாறு.” இரண்டு வருடம் இதே மூன்று சொற்கள்.

2. காதர் பாய்

அன்று வந்தவர் கெலாங் பாத்தாவில் உணவகம் நடத்தும் காதர் பாய். மகள் கல்யாணத்துக்கு வரும் சீன நண்பர்களுக்குக் கொடுக்க நாற்பது டின் வேண்டும் என்றார். முந்தைய நாள் வந்த எட்டுக் கிலோ பையைப் பிரித்து, மோந்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். அதிலிருந்துதான் எடுத்துத் தேநீர் போட்டேன்.

“பால் ஊத்த மாட்டீங்களா ஐயா?”

“ஊத்தினா மேடம் என்னைக் கடைக்கு வெளிய ஊத்திடுவாங்க.”

சிரித்துக்கொண்டே வாசனை பார்க்கும் நெட்டைக் கிண்ணத்தை எடுத்தார். நான் பூ, வெண்ணெய் என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டாம் முறை மோந்தார். சிரிப்பு நின்றது.

“தப்பா நெனைக்காதீங்க ஐயா. எங்க கடையில மேசை தொடைக்கிற துணி இருக்கு பாருங்க, அந்த வாடைல்ல வருது?”

லிம் மேடம் எழுந்து வந்தார். குலாய் பக்கம் தமிழர்கள் வேலை செய்த தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகள், என்னிடம் தமிழிலேயே பேசுவார். கிண்ணத்தை மோந்தார். பையில் கைவிட்டு இலையை எடுத்து மோந்தார்.

“மன்னிச்சுக்கோங்க பாய், இது ஈரம் பட்ட சரக்கு. திங்கக்கெழமை வேற போட்டுக் காட்டுறோம்” என்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

“அண்ணே, நேத்து மோந்தீங்கதானே?”

குடுவையின் மூடியை எடுத்து மறுபடி மூடினேன்.

“அண்ணே?”

“எனக்கு வாசனை தெரியாது மேடம்.”

“அலமாக்! எத்தன நாளா?”

“ரெண்டு வருசம் மூணு மாசம்.”

அவர் எதிரில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் பக்கத்து மேசையிலதானே உக்காந்திருந்தேன்? இந்தான்னு நீட்டியிருந்தா நான் மோந்து சொல்லியிருப்பேன்ல? நீங்க பாட்டுக்குத் தேத்தண்ணி போட்டிருக்கலாமே, அண்ணே.”

அந்த ஏற்பாடு எனக்குத் தோன்றவே இல்லை. இனி அப்படியே செய்வோம் என்று அவர் கேட்டும் என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தராசு பழுதானால் அன்றே சொல்கிறோம். மூக்கும் தராசுதான். கெட்ட அன்றே சொல்லிவிடுங்கள்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டதால், சரக்கை அனுப்பியவர் அதைத் திருப்பி எடுக்கவில்லை. மேடம் வேண்டாம் என்று மூன்று முறை தள்ளியும், அதற்கான பணத்தை உறையில் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எட்டுக் கிலோ, கிலோ 640 வீதம், 5,120 ரிங்கிட்.