குழியானைப் பந்தயம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் லைன் கிரிக்கெட் அணியில் நான் வகித்த பதவி, ஒப்புக்குச் சப்பாணி. மட்டை கிடைக்காது. பந்து முள்வேலிக்குள் போனால் மட்டும் எல்லாருக்கும் என் பெயர் ஞாபகம் வரும்.

அந்தக் கோடை விடுமுறையில் கேப்டன் பூச்சிப் பந்தயம் அறிவித்தான். தண்ணீர்த் தொட்டி மேடையில், ஒரு ஸ்கேல் தூரத்தில் இரண்டு சாக்பீஸ் கோடுகள். பறந்தால் அவுட். ஜெயித்தவன் மறுநாள் ஓப்பனிங் இறங்கலாம். நடுவர் அவன் தங்கை, விசில் அவளுடையது.

அவனிடம் குண்டுக் கருவண்டு. என்னிடம் குழியானை. மணலில் புனல் போலக் குழி பறித்து, எறும்பு சறுக்கி விழட்டும் என்று அடியில் காத்திருக்குமே, அந்தப் பூச்சி. பல ஊர்க்காரர்கள் குடியிருந்ததால் வீட்டுக்கு வீடு அதற்கு ஒரு பெயர். நாகர்கோவில்காரர் வீட்டில் சொன்ன பெயரில் யானை இருந்தது. அதை நம்பித்தான் களத்தில் இறக்கினேன்.

விசில் ஊதியதும் என் யானை பின்பக்கமாகவே நகர்ந்து என் முழங்காலில் வந்து முட்டியது. கருவண்டு நிதானமாகக் கோட்டைத் தாண்டியது.

“மாமே, உன் பூச்சி ஊட்டுக்குப் போவுதுடா!” கேப்டன் தரையில் புரண்டு சிரித்தான். மறுபோட்டி கேட்டேன். “ஒரு வாரம் டைம் எட்துக்கோ. ரிவர்ஸ் கியர கயட்டிட்டு இட்டுனு வா!”

மாடிப்படிக்குக் கீழே மணலில் குப்புறப் படுத்துப் பயிற்சி கொடுத்தேன். துடைப்பக்குச்சியால் தள்ளினேன். அதட்டினேன். சர்க்கரை காட்டிக் கெஞ்சினேன். யானை மசியவில்லை. நான்காம் நாள் அலுத்துப்போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். குழி பறிப்பதும் பின்பக்கமாக. மண்ணுக்குள் இறங்குவதும் பின்பக்கமாக. முன்னால் ஓர் அடிகூட இல்லை. அதற்கு ஒரு கோளாறும் கிடையாது. கோளாறு, அதைக் கோட்டில் வைத்த ஆளிடம்.

மறுபோட்டியில் அதன் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்தேன்.

“அய்ய, இன்னாடா, சாமி கும்புட வெச்சிக்கிறியா?” என்றான் கேப்டன்.

விசில். கருவண்டு பாதி வழியில் வெயில் தாங்காமல் சிறகு விரித்து வேப்பமரத்துக்குப் போய்விட்டது. என் யானை கோணல்மாணலாக, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே வந்து கோட்டைக் கடந்தது.

“செல்லாது! பின்னால போச்சு!”

“கோட்ட தாண்டுச்சா இல்லியா?” என்றாள் தங்கை. “நமக்குத்தாண்ணா அது பின்னால. அதுக்கு அதான் முன்னால.”

தீர்ப்புக்கு மேல் பேச்சில்லை. யானையை மாடிப்படி மணலிலேயே இறக்கிவிட்டேன். வழக்கம்போல் பின்பக்கமாகவே விடைபெற்றது.

மறுநாள் ஓப்பனிங் இறங்கினேன். முதல் பந்துக்குக் கண்ணை இறுக மூடி மட்டையைச் சுழற்றினேன். பந்து விளிம்பில் பட்டு, கீப்பருக்குப் பின்னால் பறந்து, முள்வேலிக்குள் விழுந்தது. ஃபோர்!

அன்று அதை எடுக்கப் போனவன் கேப்டன்.