பெயரைப் போடாமல் தேடு

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாணவிகள் இணையத்தில் தேடும் விதமே தனி. 'ப்ளீஸ்' என்று தொடங்கி, முழுக் கேள்வியையும் எழுதி, முடிவில் நன்றியும் சொல்வார்கள்.

"அது உங்க சித்தப்பா இல்ல, மெஷின். மரியாதையெல்லாம் வேணாம். முக்கியமான வார்த்தை மட்டும் போடுங்க. கெடைக்கலேன்னா வார்த்தைய மாத்துங்க. நெறைய வந்தா ஊரு, தொழில்னு சேத்து வடிகட்டுங்க" என்றேன்.

பயிற்சியாக, யாராவது ஒருவரைப் பெயர் போடாமல் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கிரிக்கெட்காரர்களும் நடிகைகளும் வருவார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வகுப்பில், நீலசந்திராவிலிருந்து வரும் ஒருத்தி தன் திரையைப் பார்க்க என்னை அழைத்தாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தமிழ், லெக்சரர், கம்ப்யூட்டர், லிங்கராஜபுரம்னு சும்னே, சும்மாத்தான் போட்டோம் மிஸ். என்னென்னவோ வந்துச்சு. அப்புறம் 'பிரைட்'னு, கல்யாணப் பொண்ணுன்னு சேத்தோம்."

அது ஒரு கல்யாணத் தளம். அப்பா எனக்குத் தெரியாமலே என்னை அதில் ஏற்றியிருந்தார். வயது, உயரம், ராசி எல்லாம் இருந்தன.

"ஆனா இது நீங்க இல்லேன்னு இவ சொல்றா மிஸ். மெதுவா பேசுவாங்கன்னு போட்டிருக்கு."

பாடத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். "ஒரே எடத்துல இருக்கறத நம்பக்கூடாது. வேற எங்கயாவது சரிபாக்கணும்."

"சமையல் நல்லா தெரியும்னும் இருக்கு மிஸ். அத நாங்களே சரிபாக்கறோமே?"

சொன்ன சொல்லுக்கு நானே கட்டுப்பட வேண்டியிருந்தது. மறுநாள் புளியோதரை செய்து எடுத்துப்போனேன். வகுப்பு மிகுந்த பொறுப்புடன் சாப்பிட்டுப் பார்த்து, தகவலுக்கு ஆதாரமில்லை என்று முடிவு செய்தது.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரை இறக்கவே இல்லை. "எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்க. உள்ளத எழுதினா யாரு பாப்பாங்க?"

"என் ஸ்டூடன்ட்ஸ் பாத்துட்டாங்கப்பா."

பேப்பர் இறங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். மெதுவான பேச்சு போயிற்று. அவர் கூட்டியிருந்த உயரமும் குறைந்தது. சமையலை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். 'ஓரளவு' என்று சேர்த்துச் சமாதானமானோம்.

மாணவிகளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். தேடிய முறையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அடுத்த பயிற்சிக்குத் தலைப்பை நானே கொடுத்தேன்: பெங்களூர் ஏரிகள். ஒருத்தியும் உருப்படியாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.