இரண்டடியில் நின்ற கம்பி

அக்காவுக்கு அவர் பதினான்காயிரம் கடன்பட்டிருந்தார். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து அவள் சேர்த்த பணம் அது. வயரிங் வேலை முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டு அவர் தனியாக வெளியே வந்த நாளில், டிரில்லிங் மெஷினும் ஏணியும் வாங்கக் கொடுத்தாள். பன்னிரண்டு வருடமாகிறது.

ஊரில் அவருக்கு டெஸ்டர் என்றுதான் பெயர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவருக்கு, கரண்டு பட்டால் எரியும் டெஸ்டர் இருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் கரண்டு கம்பி எட்டிப் பார்க்காத மேட்டுப் பக்கத்தில் சோலார் ஓடும் நாற்பத்தொரு வீடுகளில் முப்பத்தெட்டு அவர் கைபட்டது. மிச்சம் மூன்று வீட்டுக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்பார். பட்டம் வாங்கிய இன்ஜினியர் ஒருவர் பேட்டரியை உச்சி வெயிலில் வைத்த கதையை அந்தப் பக்கத்தில் நாலைந்து தடவையாவது கேட்காத ஆள் கிடையாது.

கடனைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் போன வருடம் அவள் வீட்டுக்குத் தன் செலவிலேயே சோலார் போட்டார். நான்கு பேனல், இரண்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். முடித்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று அறிவித்தார். அக்காவின் வீட்டுக்காரர் ரிட்டயரான பஸ் டிரைவர். "பெருமை பேசினதுக்குத் தனியா பில் வருமா மாப்ள?" என்று கேட்டார்.

ஒரு சனிக்கிழமை, புது பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கொடுக்கலாமென்று டெஸ்டர் போனார். முற்றத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட தையல் அறை. அக்கா மோட்டார் வைத்த மெஷினில் உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் செருப்பு.

அவருக்குச் சுருக்கென்றது. துணி விழும் தரை என்று அந்த அறைக்குள் யாரையும் செருப்போடு விடாதவள் அவள். வெறுங்காலுக்குத்தான் பெடல் சொன்னபடி கேட்கும் என்பவள்.

"கால்ல என்னக்கா?"

"பித்தவெடிப்பு."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்ததே சரியில்லை. டெஸ்டரை எடுத்து மெஷினின் இரும்பு உடம்பில் வைத்தார். உள்ளே சிவப்பாக எரிந்தது.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மூன்று மாதத்துக்கு முன் மழை நின்றதிலிருந்தே இப்படித்தானாம். மெஷினைத் தொட்டால் முதலில் எறும்பு கடித்த மாதிரி, பிறகு தேள் மாதிரி. கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காயக்கூடாது என்று தம்பி எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, தினம் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அது மத்தியானம் வரை தாங்கும். அதற்கு மேல் செருப்பு.

"ஏன்க்கா சொல்லல?"

"சோலார் முடிச்ச அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா போனே. அதுல போய்க் குறை சொல்லணுமா?"

தாம் சொல்லப் போனதாகவும், சொன்னால் சோறு கிடையாது என்று அக்கா மிரட்டிவிட்டதாகவும் மாமா வாசலிலிருந்தே முறையிட்டார். அவர் கையில் கடைப் பை ஒன்று இருந்தது. அதற்குள் இன்னொரு ஜோடி ரப்பர் செருப்பு, சின்ன அளவு. திங்கட்கிழமையிலிருந்து மகளும் அம்மாவோடு தைக்க உட்காரப் போகிறாள்.

அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்பது உலகத்தில் டெஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும். பேனலுக்குக் கீழே இன்வெர்ட்டருக்காக அடித்த எர்த் கம்பி எட்டடி; குறையே சொல்ல முடியாது. அங்கிருந்து தையல் அறைக்குச் செம்புக் கம்பி இழுக்க இருபத்தைந்து மீட்டர் வேண்டும். அதை மிச்சம் பிடிக்க அறைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்தார். இரண்டடியில் பாறை. சம்மட்டி துள்ளித் துள்ளி வந்தது. பசி வேறு. மேலே நின்ற ஆறடியை ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, சுற்றிலும் சிமெண்ட் பூசி மூடி போட்டு, பெயின்டால் எர்த் என்றும் எழுதிவிட்டார். மேலிருந்து பார்த்தால் எட்டடி இறங்கிய கம்பிபோல் கம்பீரமாக இருக்கும்.

மண் ஈரமாக இருந்தவரை சமாளித்தது. காய்ந்ததும், பழைய மோட்டாரில் கசிந்த கரண்டு பூமிக்குள்ளும் இறங்க முடியாமல், இரண்டு கம்பிகளையும் இணைக்காததால் இன்வெர்ட்டர் பெட்டிக்குத் திரும்பிப் போய் பாதுகாப்பு சுவிட்சை விழவைக்கவும் முடியாமல், மெஷின் மேலேயே நின்றுகொண்டது.

மோட்டார் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் தப்பும். பொய்யும் இல்லை. சொல்ல வாயைத் திறந்தவர் மாமா கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"மோட்டார் பாதிதான்க்கா. மீதி நான். கம்பிய அறுத்து ஒப்பேத்திட்டேன்."

மாமா கிண்டல் செய்யவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்தார்.

மெயினை அணைத்துவிட்டு, தண்ணீர் வடியும் ஓரத்தில் இளகின மண்ணாகப் பார்த்து, புதுக் கம்பியை எட்டடியும் அடித்து இறக்கினார். மாமா பிடித்துக்கொண்டார். ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, முழு இருபத்தைந்து மீட்டர் செம்புக் கம்பியைப் போட்டு இரண்டு எர்த்தையும் ஒன்றாக முடுக்கினார். கடைக்குப் போய்ப் புது மோட்டாரும் வாங்கி வந்து மாட்டினார். மெயினைப் போட்டு மெஷினில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. அது அவருக்குப் போதவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்று, உள்ளங்கை முழுவதையும் இரும்பில் வைத்தார்.

"எடுடா கைய," என்று அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அப்படி இழுத்ததில் அவள் விரலும் மெஷினில் பட்டது. ஒன்றுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்டர் பைக்கில் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது அவள் வெறுங்காலோடு தைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கட்டு நோட்டை எடுத்தார்.

"இப்ப எதுக்கு இது? அதான் வேலை செஞ்சு கழிச்சாச்சே. போய்ச் சாப்பிடு."

"அறுத்த கம்பியில கடன் கழியாதுக்கா. உன்ன மூணு மாசம் செருப்பு போட வெச்சிருக்கேன். கைய நீட்டு."

அவள் தையலை நிறுத்தினாள். தம்பி முகத்தைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை விரித்து நீட்டினாள். அவர் ஐந்நூறு நோட்டாக ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, இருபத்தெட்டையும் அதில் வைத்தார்.