தம்பியின் கருமாதியில் கிட்டார் ஒலிக்க நான் சம்மதித்த காரணம்

தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்காகக் கொட்டச்சேடு வரை மலையேறி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இன்று சாப்பாடு முடிந்ததும் எங்கள் காப்பி பல்பர் கொட்டகையில் தம்பியின் கூட்டாளிகள் அவனுடைய பாடல்களை வாசிக்கப் போகிறார்கள். வருஷம் திரும்புவதற்குள், அதுவும் கருமாதியன்றே, துக்க வீட்டில் இதென்ன என்று பெரியவர்கள் பலர் நேரிலும் ஆள் விட்டும் கேட்டுவிட்டீர்கள். கேட்பது நியாயம். குடும்பத்தில் மூத்தவன் என்ற முறையில் சம்மதம் சொன்னவன் நான்தான். ஏன் சொன்னேன் என்பதை விளக்க அவன் வாழ்க்கையை எழுத வேண்டும். என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும்.

இப்படிப்பட்ட நினைவு மலரில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று அச்சகத்தில் சொன்னார்கள். நான் தூக்கி வளர்த்தவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி எங்கள் பெற்றோருக்குக் கடைசிப் பிள்ளை. எனக்கும் அவனுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். நடுவில் தங்கைகள் இருவர். அவன் பிறந்தபோது நான் சேலத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் தொட்டிலில் கிடந்தவன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். படிப்பு மட்டும் அவன் பிடியில் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியதும் சேலத்தில் மோட்டாருக்குக் 'காயில்' கட்டும் கடையில் சேர்த்துவிட்டோம். தொழிலில் கெட்டிக்காரனாகத் திரும்பி வந்து ஏற்காட்டில் சொந்தமாகக் கடை போட்டான். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் எஸ்டேட் மோட்டார்கள் வரிசையாக எரிந்துபோகும். செம்புக் கம்பி சுற்றி அவற்றுக்கு உயிர் கொடுப்பது அவன் வேலை.

ஒருமுறை விடுதிப் பள்ளி ஒன்றில் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யப் போனவனுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் கேசட் ஒன்றைக் கொடுத்தான். ஹெவி மெட்டல் என்று அந்த இசைக்குப் பெயர். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் வேறு ஆளாகிவிட்டான். சில்வர் ஓக் மரப் பலகையை அறுத்து இழைத்துத் தானே கிட்டார் செய்தான். மோட்டாருக்குச் சுற்றிப் பழகிய கை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்க, உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சுற்றியது. பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர் ஜமால். கடைவீதியில் தேனும் மிளகும் விற்ற பாயின் மகன். தம்பியின் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தவர். பெங்களூரிலிருந்து இரண்டு நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள்.

காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் வருஷத்தில் மூன்று நான்கு மாதம்தான் ஓடும். மற்ற மாதங்களில் எங்கள் கொட்டகை சும்மா கிடக்கும். அங்கேதான் வாசித்தார்கள். முதல் நாள் சத்தம் கேட்டு எங்கள் தகப்பனார் காட்டிலிருந்து ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, கல்லு சிக்கின பல்பராட்டம் கத்துதே!"

"அதேதானுங்கப்பா! அந்தச் சத்தம் வரத்தான் ஆறு மாசமாப் பாடுபடறேன்" என்றான் தம்பி.

அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு தினமும் சாயங்காலம் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார ஆரம்பித்தார்.

"பஞ்சு வெச்சுக்கிட்டு எதுக்குங்கப்பா கேக்கறீங்க?" என்றேன்.

"காதை அடைச்சாலும் நெஞ்சுல வந்து இடிக்குது கண்ணு. நொம்ப நல்லா இருக்குது."

பாடல்கள் எல்லாம் தமிழில் அவனே எழுதியவை. பாக்சைட் லாரி, அட்டைப்பூச்சி, மழையில் பெயர்ந்த ரோடு, எரிந்த மோட்டார் என்று கண்ணில் பட்டதெல்லாம் பாட்டு. 'பனி இறங்குது, பாதை தெரியல, பாதை தெரியலேன்னா நான் இறங்க மாட்டேனா' என்று ஒன்று தொடங்கும். எழுதிய தாளை என்னிடம் கொடுத்தான். நான் பள்ளிக்கூடத்து வாத்தியார் அல்லவா, சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து, "திருத்தம் நல்லா இருக்குதுங்கண்ணா. ஆனா கத்தறதுக்குத் தோதா இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் பழையபடியே பாடினான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா படுக்கையில் விழுந்தார். அதே சமயம் பெங்களூரில் ஒரு கேசட் கம்பெனிக்காரர்கள் தம்பியின் பாடல்களைப் பதிவு செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அறையில் இல்லை.

"கண்ணு, நான் போயிட்டா வருஷம் திரும்பற வரைக்கும் பாட்டுக் கூடாது கொட்டுக் கூடாதுன்னு தம்பிய நிறுத்திப்போடாத. அவன் போயிட்டு வரட்டும்."

"சரிங்கப்பா" என்றேன்.

நான்கு நாளில் அப்பா போய்விட்டார். காரியங்கள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றான். தலைத்திவசம் முடியட்டும் என்றேன்.

"பாட்டுப் பதியறதுதானுங்கண்ணா. கொண்டாட்டம் இல்லீங்களே."

"ஊடு துக்கத்துல கெடக்கையில கிட்டாரைத் தூக்கிட்டு பஸ் ஏறுவியா? அப்பா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாரா?"

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "சரிங்கண்ணா" என்றான்.

அப்பா இருந்தா சம்மதிப்பாரா என்று நான் கேட்ட அந்தக் கேள்விதான் நான் செய்த பாவம். சம்மதித்துவிட்டுப் போயிருந்தார். அதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

ஏன் மறைத்தேன்? ஊர் பேசுமே என்று பயந்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை அல்ல. எனக்குப் பொறாமை. வீட்டில் முதலில் படித்தவன் நான். தலைமையாசிரியராகவும் ஆனேன். அப்பா ஒருநாள்கூட என் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் இல்லை. தம்பியின் கொட்டகையில் தினமும் கூடை போட்டு உட்கார்ந்தார். சாகப்போகும் நேரத்திலும் அவனைப் பற்றித்தான் கவலைப்பட்டார். என் கையால் கஞ்சி குடித்துக்கொண்டே அவனைப் பற்றிப் பேசினாரே என்று அன்று என் மனம் புழுங்கியது.

தம்பி கிட்டாரின் தந்திகளை இளக்கி, துணியில் சுற்றிப் பரணில் வைத்தான். கம்பெனி காத்திருக்கவில்லை. பெங்களூர்க்காரர் ஒருவரை வாசிக்க வைத்துப் பதிவை முடித்துக்கொண்டது. கேசட்டில் பாட்டெழுதியவர் என்று தம்பியின் பெயர் இருந்தது. வாசித்த கை அவனுடையது அல்ல. அவன் அதை வாங்கி வந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான்.

இதோடு நான் நிறுத்தவில்லை. வீட்டில் சாவு நடந்தால் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று நம் பக்கம் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தைச் சொல்லி, அதே வருஷத்தில் என் மகள் கல்யாணத்தை நாதஸ்வரம், தவில், மைக் செட் எல்லாம் வைத்து நடத்தினேன். தம்பிக்கு ஒரு வழக்கம், எனக்கு ஒரு வழக்கம். அந்தக் கல்யாணத்துக்கு ஒயர் இழுத்து, லைட் போட்டு, ஸ்பீக்கர் கட்டியவன் தம்பி. ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்து, "நாயனச் சத்தம் நல்லாக் கேக்குதுங்களாண்ணா?" என்றான். குத்தலாகக் கேட்டானா, வேலைக்காரன் கேட்கிற மாதிரி கேட்டானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேக்குது என்றேன்.

தலைத்திவசத்துக்கு மறுநாள் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கினான். பிறகு பதினைந்து வருஷம் அவன் ஓயவில்லை. சென்னை, பெங்களூர் கல்லூரி விழாக்களில் வாசித்தான். கொட்டகையிலேயே பதிந்து இரண்டு கேசட் வெளியிட்டான். ஆனாலும் பெரிய கம்பெனி எதுவும் மறுபடி கூப்பிடவில்லை. பகலெல்லாம் காயில் கட்டித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினான். வாழவந்தியில் பெண் எடுத்தான். ஒரு மகள். எரிந்த மோட்டாரோடு வந்தவர்களிடம் ஒருநாளும் முகம் சுளித்தது கிடையாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் என்னைக் கூப்பிட்டான். நான் ஒன்றுக்கும் போகவில்லை. எத்தனை பேர் அவன் பாட்டை மனப்பாடமாக வைத்திருந்தார்கள் என்று அவனை எடுத்த அன்றுதான் பார்த்தேன். கறுப்புச் சட்டையில் மண்டையோடு போட்ட பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். குப்பனூர் அத்தை பயந்துபோய், "ஏனுங்க, இவிங்கெல்லாம் என்ன கட்சிங்க?" என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள்தான் சுடுகாடு வரை அவனைத் தோள் மாற்றித் தூக்கினார்கள்.

சிறுநீரகம் கெட்டு ஒரு வருஷம் கஷ்டப்பட்டான். விரல் வீங்கித் தந்தியை அழுத்த முடியாமல் போயிற்று. சேலம் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அப்பா சொன்னதை இன்று அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து முதல் பஸ் ஏறிப் போனேன். ஒரு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, கொட்டகைல ஓடு ஒண்ணு நகந்து கெடக்குதுங்க. மழைக்கு முன்ன பாத்துருங்க" என்றான். சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் அவன் இல்லை.

மூன்றாம் நாள் ஜமால் வந்தார். "ஏனுங்கண்ணா, கருமாதியன்னிக்கு அரை மணி நேரம் வாசிச்சுக்கலாமுங்களா? வருஷம் ஆகட்டும்னு நீங்க சொன்னாலும் சரிங்க, காத்திருக்கறோம்."

வருஷம் திரும்பட்டும் என்ற சொல் என் நாக்குவரை வந்தது. தம்பியின் மனைவி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாசியுங்க" என்றேன்.

இன்று நடப்பதற்கு இதுதான் காரணம். வழக்கத்தை மீறிய பழி முழுவதும் என்னைச் சேரும். அந்தப் பிள்ளைகளை யாரும் கடிந்து பேச வேண்டாம். சத்தம் அதிகமாக இருக்கும். முடியாதவர்கள் வெளியே இருந்து கேட்கலாம்.

பஸ் வராத மழை நாளில் தம்பியைக் கட்டிலோடு ரோடு வரை சுமந்து வந்த கொட்டச்சேட்டு அண்டை வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த கறுப்புச் சட்டைப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் தன் வீட்டு ஆளைப் போலப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், வாரக்கணக்கில் கஞ்சி அனுப்பிய ஜமாலின் தாயாருக்கும், இந்தப் பதினாறு நாளும் அடுப்படியை ஏற்றுக்கொண்ட எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

தம்பியின் மனைவிக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். அழவில்லை. கடைசி வரியும் முடிந்ததும் சொன்னார்.

"போடுங்க மாமா. எல்லாருக்கும் தெரியட்டும். நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் அதுல எழுதிப்போடாதீங்க."

எழுதவில்லை.

— மூத்த அண்ணன்