பெட்டிக்குள் போக மறுத்த ‘சரி’

யூஜினியா செய்த வேலையைச் சொந்த ஊர் மானகிரியில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. பிள்ளைகள் கணக்கைத் தப்பாகப் போட்டால், எந்த இடத்தில், என்ன நினைத்துத் தவறினார்கள் என்று ஊகிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள். அதற்காக இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள் எழுதி டாக்டர் பட்டமும் வாங்கினாள். “எம்மக கம்ப்யூட்டருக்கு டியூசன் எடுக்குறா” என்று அவள் அப்பா சூசைமரியான் கோயில் வாசலில் சொல்லிவைத்தார். பொய்யில்லை என்பதால் அவளும் திருத்தவில்லை.

1996இல், காரைக்குடியில் அவள் வேலை பார்த்த கல்லூரியில், பேசக்கூடிய கணினி ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்துப் பள்ளி விடுதியின் பார்வையற்ற மாணவர்கள் ஆறு பேர் மாலை நான்கு மணிக்கு அதில் கணக்குப் படித்தார்கள். கணினி கணக்கைச் சொல்லும். எண் விசைகளின்மேல் ஒட்டிய கடுகைத் தடவிப் பார்த்து அவர்கள் விடையை அழுத்துவார்கள். அதே கணினியின்மேல் அலுவலகக் கண்காணிப்பாளர் மெய்யநாதனுக்கும் ஒரு கண்.

“இதுக்கு அறிவு இருக்குங்கிறீக. அப்ப ஹால் டிக்கெட் அடிக்கட்டுமே? அறிவை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாமா?”

முதல்வர் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னார். திங்கட்கிழமை வல்லுநர் குழு வருகிறது. யூஜினியாவின் நிரல் உருப்படி என்று அவர்கள் சொன்னால் கணினி பிள்ளைகளுக்கு. இல்லையென்றால் அலுவலகத்துக்கு.

நிரலில் குறையில்லை, குரலில்தான் குறை. கணினியில் பதிவாகியிருந்தது யூஜினியாவின் குரல். ஒன்பதாம் வகுப்புச் சாலா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

“நீங்க சரின்னாலும் கொஞ்சுறீக, தப்புன்னாலும் கொஞ்சுறீக டீச்சர். எதை நம்புறது?”

“யாரு சொன்னா நம்புவே?”

“பஸ் ஸ்டாண்டு சோணை அண்ணன்.” மற்ற ஐவரும் ஆமென்றார்கள். வாராவாரம் ஊருக்குப் போகிற பிள்ளைகள். அந்தக் குரலை நம்பித்தான் பேருந்து ஏறினார்கள்.

பேருந்து வருவதையும் போவதையும் அறிவிக்கும் டைம் கீப்பர் சோணை வெள்ளிக்கிழமை வந்தார். கணினி அறை விதிப்படி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்து எண்களையும் பிள்ளைகள் தவறும் விதங்களையும் முழங்கினார். ‘தப்பு’ என்றார். அறைக்கு வெளியே போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, இப்ப ‘சரி, நல்லாப் போட்டே’ன்னு சொல்லுங்க.”

“யாரு போட்டா?”

“இனிமேதான் போடுவாங்க.”

“போடட்டும். சொல்றேன்.”

“அப்ப நீங்க இருக்க மாட்டீங்கண்ணே. அதான் இப்பவே பிடிச்சு வைக்கிறோம்.”

சோணை ஒலிவாங்கியைக் கீழே வைத்தார். “டீச்சர், இருபது வருசமா வராத வண்டிய வந்துருச்சுன்னு சொன்னதில்லை. போடாத கணக்கை எப்படிச் சரிம்பேன்?”

“தப்புன்னு மட்டும் முன்கூட்டியே சொன்னீங்களே?”

“தப்பு எப்பவும் வரும் டீச்சர். அதுக்கு நேரங்காலம் பாக்க வேண்டியதில்லை.”

யூஜினியா யோசித்துப் பார்த்தாள். தன் இருநூற்றுப் பன்னிரண்டு விதிகளும் இந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் நிற்கின்றன.

சனிக்கிழமை ஆறு பேரையும் அவர்முன் உட்காரவைத்து, பதிவை ஓடவிட்டு, நேரிலேயே கணக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு விடையையும் சோணை டிரிப் ஷீட்டின் முதுகில் போட்டுச் சரிபார்த்த பிறகே வாய் திறந்தார். அப்போதும் வந்தது இவ்வளவுதான்: “ம். சரி. ஏறிக்க.” ஒருவன் தப்பாகச் சொன்னபோது, “தப்பு. எறங்கு, எறங்கு” என்றார். சாலா மட்டும் 6789ஐயும் 4576ஐயும் மனத்திலேயே கூட்டி 11365 என்றாள். சோணை மூன்று தரம் போட்டுப் பார்த்தார். இரண்டு தரம் வேறு வேறு விடை வந்தது. கடைசியில், “யம்மாடி! சரிதான்” என்றார்.

அந்த ‘யம்மாடி’யை, அடுத்தடுத்துப் பத்துக் கணக்குச் சரியாகப் போட்டவர்களுக்கே என்று யூஜினியா ஒதுக்கினாள். மலிவாக்க மனம் வரவில்லை.

திங்களன்று சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் தாமே பிள்ளையாக நடிக்க விரும்பினார். கணினி நாற்பத்தெட்டும் முப்பத்தேழும் கேட்டது. வேண்டுமென்றே 715 என்று அழுத்தினார்.

“பத்தை மேல கொண்டுபோகாம விட்டுட்டே. தப்பு. எறங்கு, எறங்கு.”

பேராசிரியர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். எழுந்தது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. காலியான இருக்கையில், குற்றம் கண்டுபிடிக்கவென்றே மெய்யநாதன் உட்கார்ந்தார். முதல் கணக்கு சரி. “ம். சரி. ஏறிக்க.” முப்பது வருட உத்தியோகத்தில் அவரை யாரும் சரி என்று சொன்னதில்லை போலிருக்கிறது, முகம் மலர்ந்துவிட்டது. பத்துச் சரியானால் ஒரு ‘யம்மாடி’ உண்டு என்று யூஜினியா சொன்னதும், “இன்னொன்னு குடுங்க” என்றார். ஒன்பதாவது கணக்கில் தவறினார். குழு டீ குடிக்கப் போய்த் திரும்பியபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

பேராசிரியர் சிரிப்பை அடக்கியபடி அறிக்கையில் எழுதினார்: நிரல் பயனுள்ளது, கணினி இங்கேயே இருக்கட்டும். பயனாளிகள்: பார்வையற்றோர் அறுவர், கண்காணிப்பாளர் ஒருவர்.

அந்த வருட ஹால் டிக்கெட்டுகளைக் கையால்தான் எழுதினார்கள். அதுவும் தாமதமாக. நான்கு மணிக்குப் பிள்ளைகள் வரும்போது கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“சார், எங்க நேரம் வந்துருச்சு” என்று சாலா கதவைத் தட்டினாள்.

“ஒரே ஒரு கணக்கு, தாயி!” என்றது உள்ளிருந்த குரல். “ஒன்பது சரியாயிருச்சு.”